தொட்டியில் அலசிய துணி

எங்கள் வீட்டில் மீன் நாற்றம் அடித்தது ஒரே ஒரு கோடையில்தான். நைனார் என்று ஊர் கூப்பிடும் சமணர் வீட்டுக்குள்ளிருந்து மீன் நாற்றம் வந்தால் செஞ்சிக் கடைத்தெரு எப்படிச் சிரித்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிரிப்பை வாங்கிக் கொடுத்தவள் நான்.

என் மாமனாருக்கு ஒரு பழக்கம் உண்டு. கோடையில் ஏரி வற்றும்போது ஊரே இறங்கி மீன் பிடிக்கும். அவர் கரையில் நின்று உயிரோடு இருக்கும் கெண்டைக் குஞ்சுகளைக் கொஞ்சம் விலைக்கு வாங்கிக் குடத்தில் கொண்டு வருவார். மழை பெய்து ஏரியில் தண்ணீர் ஏறியதும் திரும்பக் கொண்டுபோய் விடுவார். அதுவரை அவை கொல்லைக் கல்தொட்டியில் கிடக்கும். எங்கள் தெருவுக்குக் கரண்டு வந்த புதிதில், இரும்புச் சட்டம் போட்டு ஒரு கண்ணாடித் தொட்டி செய்து கூடத்தில் வைத்தார். வருகிறவர்கள் உயிர் நீந்துவதைப் பார்க்கட்டும் என்பது அவர் எண்ணம்.

அந்த வருஷம் ஏரியில் வலை வீசிக்கொண்டிருந்த ஒருவன் அவரைக் கேலி பேசியிருக்கிறான். "இன்னா நைனாரே, எங்க கொழம்புலேர்ந்து காப்பாத்தி உங்க கண்ணாடிப் பொட்டியில சாவடிக்கப் போறீங்களா? மழ வரைக்கும் இதுங்க உசுரோட இருந்தா எம் மீசைய எடுத்துக்கறேன்!"

"கத்தியத் தீட்டி வெச்சுக்கப்பா. எங்க ஊட்டு மருமவ பாத்துக்குது" என்று இவர் சொல்லிவிட்டு வந்தார். அதை வீட்டில் சொல்லிச் சிரித்தபோது எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் சுத்தத்தில் எனக்கு ஈடு அந்தத் தெருவில் யாரும் இல்லை என்ற நினைப்பு நிறைய உண்டு.

வெறும் கண்ணாடி பார்க்க நன்றாக இல்லையென்று, கோட்டை அடிவாரத்துச் செட்டிகுளத்தின் ஓரத்தில் கற்கள் பொறுக்கி வந்து அடியில் அடுக்கினேன். ஒரு கல்லில் நகம் அளவுக்குப் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. பாசி மாதிரி வழுக்கவில்லை. தொட்டால் நனைந்த பஞ்சு. "வெல்வெட்டு மாதிரி இருக்குது பாருங்க" என்று வருகிறவர்களுக்கெல்லாம் நானே காட்டினேன்.

வெல்வெட்டு கல் முழுக்கப் படர்ந்தது. பக்கத்துக் கல்லுக்குத் தாவிக் கண்ணாடியிலும் ஏறியது. என் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "இது மீனுக்கு வெச்ச தொட்டியா, பாசிக்கு வெச்ச தொட்டியா?" என்றார். என் சுத்தத்தை அதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு தொட்டிக்குள்ளேயே கையை விட்டுத் தேய்த்தேன். துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து மிதந்தது. வடிகட்டும் துணியால் அவற்றை அரித்து எடுத்தேன். அதற்குப் பிறகு செய்ததைத்தான் இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. எங்கள் வீடுகளில் கிணற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் குடிக்க மாட்டோம். வடிகட்டிய துணியில் கண்ணுக்குத் தெரியாத உயிர் இருக்கும் என்று, அதை அலசி அதே கிணற்றில் விடுவோம். எந்தத் தண்ணீரிலிருந்து வந்ததோ அந்தத் தண்ணீருக்கே போக வேண்டும். எனக்குப் பேச்சு வருவதற்கு முன்பே கைக்கு வந்த வழக்கம் அது. யோசிக்கவே இல்லை. துணியைத் தொட்டியிலேயே அலசிவிட்டேன்.

அலசிய துணுக்குகள் விழுந்த இடமெல்லாம் ஒட்டிக்கொண்டு வளர்ந்தன. நான் தேய்த்தது போதவில்லை என்று நினைத்தேன். இன்னும் அழுத்தித் தேய்த்தேன், இன்னும் பக்தியாக அலசினேன். அது இன்னும் செழித்தது.

சித்தாமூரிலிருந்து உறவினர்கள் தொட்டியைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். முதல் நாள் உட்கார்ந்து ஒரு பொட்டு விடாமல் தேய்த்தேன். தண்ணீர் அரிசி கழுவிய நீர்போலக் கலங்கியது. தெளிந்துவிடும் என்று விட்டேன். விடிந்து பார்த்தால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. உறவினர்கள் வண்டியை விட்டு இறங்கும்போது பாதிக்கு மேல் வயிறு காட்டி மிதந்தன.

வெயில் ஏற ஏற நாற்றம் தெருவுக்குப் போனது. எதிர்வீட்டு மளிகைக்காரர் மனைவி வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள். "இன்னா நைனாரம்மா, இன்னிக்கு உங்க ஊட்லயா மீன் கொழம்பு? எங்களுக்கு ஒரு கிண்ணம் குடுக்கக் கூடாதா?" உள்ளே வந்து தொட்டியைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. செத்த மீனைத் தொட எங்கள் வீட்டில் யாருக்கும் கை எழவில்லை. அவளே முறத்தில் அள்ளினாள். "பயப்படாத, பொதச்சிட்டுதான் வருவேன். சட்டியில போட மாட்டேன்."

உயிரோடு இருந்த கொஞ்சம் மீனை மாமனார் பழைய கல்தொட்டிக்கு மாற்றினார். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலாம். "இன்னாம்மா செஞ்ச?" என்று கேட்டார். "நம்ம மொறப்படிதான் மாமா, வடிகட்டி அதே தண்ணியில அலசினேன்" என்றேன் தலையை நிமிர்த்தி.

அவர் கற்களைப் பார்த்தார். "அது எந்தத் தண்ணியிலேர்ந்தும்மா வந்துச்சு?"

குளத்திலிருந்து. கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உறவினர்கள் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

அன்றைக்கே கற்களையும் பிய்த்த துணுக்குகளையும் தண்ணீரோடு ஒரு சின்ன அண்டாவில் போட்டு, கடைத்தெரு வழியாக நானே சுமந்துபோய்க் குளத்தில் விட்டேன். இடுப்பு நனைந்து வழிந்தது. வேலையாளை அனுப்பியிருக்கலாம். அனுப்ப மனம் வரவில்லை. பின்னாளில் என் மகள் கல்லூரியில் படித்துவிட்டு வந்து, அது பாசியே இல்லை, கடல்பஞ்சின் இனம், அதுவும் ஒரு உயிர்தான், நசுங்கிச் செத்து அழுகித்தான் தண்ணீரைக் கெடுத்தது என்றாள். அதற்குப் பிறகு அந்தத் தேங்காய் நாரும் சேர்ந்து நினைவுக்கு வருகிறது.

மழை வந்தது. மிஞ்சிய மீன்களைக் குடத்தில் எடுத்துக்கொண்டு மாமனார் என்னையும் ஏரிக்கு அழைத்தார். கரையில் அந்த வலைக்காரன் மீசையோடு நின்றான். குடத்துக்குள் எட்டிப் பார்த்தான். "இன்னா நைனாரே, இம்மாந்தானா? மீதியெல்லாம் எங்க?"

நான் சொல்லியிருக்க வேண்டும். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எங்கிட்ட செத்துப்போச்சுப்பா" என்றார் மாமனார். "மீச உனக்கே இருக்கட்டும்." பிறகு குடத்தை என் கையில் கொடுத்து, "சாச்சு வுடும்மா, மெதுவா" என்றார்.