மெர்ல் வைத்த முன்பாரம்

ஆர்டிஸ் நைகார்டுக்கு இருபது வருடமாகத் தன் எடை தெரியாது. அவள் வீட்டுக் குளியலறையில் எடை பார்க்கும் மிஷின் இருந்த இடத்தில் ஒரு சதுரத் தடம் மட்டும்தான் இருந்தது. மிஷினை அவள் கணவன் மெர்ல் ட்ரெய்லருக்குக் கொண்டுபோய்விட்டான். "எங்க வண்டி என்ன எடைன்னு ராலின்ஸ் ஊர் முழுக்கத் தெரியும். என் எடை எனக்கே தெரியாது" என்று அவள் சொல்லிச் சிரிக்காத விருந்து கிடையாது.

நான் அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரன். வெண்டெல் ப்ரூயிட், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன். நாங்கள் மூவரும் கல் பொறுக்குகிற கூட்டம். ஒவ்வொரு ஜூன் மாதமும் எங்கள் சங்கம் ஈடன் பக்கத்துப் பாலைநிலத்தில் கூடும். ஒரு காலத்தில் மரமாக இருந்து கல்லாகிப்போன துண்டுகளைத் தோண்டி எடுக்க, அவரவர் பிக்கப் வண்டிக்குப் பின்னால் கட்டில், அடுப்பு, மேஜையோடு ட்ரெய்லர் என்கிற ஒரு குட்டி வீட்டை இழுத்துக்கொண்டு போவோம். போகும்போது வண்டி காலி, திரும்பும்போது பாதி மலை உள்ளே இருக்கும்.

அறுபத்தேழாம் வருடம் மெர்ல் செய்தது, கல் பொறுக்குகிறவன் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம். ட்ரெய்லரின் பின்பக்கப் பெட்டியின் கதவு அகலமாகத் திறக்கும் என்பதற்காக, பொறுக்கியதையெல்லாம் அதிலேயே போட்டு அடைத்தான். மாட்டுவண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கும். ட்ரெய்லரிலும் அதே கதைதான். முன்மூக்கு பிக்கப்பின் கொக்கியை அழுத்திப் பிடிக்காது, பின்பக்கம் வாலாட்ட ஆரம்பிக்கும். நெடுஞ்சாலையில் ஒரு லாரி தாண்டிப் போனது, ட்ரெய்லர் ஆடியது, மெர்ல் பயந்து பிரேக்கை மிதித்தான். அவ்வளவுதான், ட்ரெய்லர் பிக்கப்பைத் தள்ளித் திருப்பி, இரண்டும் சாலை நடுவிலுள்ள புல்வெளியில் வந்த திசையைப் பார்த்து நின்றன. ஆர்டிஸின் மடியிலிருந்த, புளிப்புத் தண்டு வைத்துச் சுட்ட ருபார்ப் பை என்கிற பலகாரம் கண்ணாடியில் அப்பிக்கொண்டதாம்.

அன்றிலிருந்து மெர்ல் வேறு ஆள். கனமானது எதுவும் அச்சுக்குப் பின்னால் போகக்கூடாது. கிளம்பும் நாள் காலையில் மூக்கைக் கொக்கியிலிருந்து இறக்கி, ஒரு பலகையைப் போட்டு, எடை மிஷினில் தாங்கவைப்பான். மூன்றில் இரண்டு பங்கு பாரத்தைப் பலகையின் மறுபக்கச் செங்கல் வாங்கிக்கொள்வதால், மிஷின் காட்டுவதை மூன்றால் பெருக்க வேண்டும். மொத்த வண்டியில் பத்தில் ஒரு பங்காவது மூக்கில் உட்கார்ந்திருந்தால்தான் கிளம்புவான். ட்ரெய்லர் சக்கரங்களை மட்டும் தனியாகப் பிடிக்கிற பிரேக் கைப்பிடி ஒன்று பிக்கப்பில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்துப் பலகையின் கீழே உண்டு. அதை ஆர்டிஸிடம் ஒப்படைத்தான். ஸ்டீயரிங் அவனுக்கு, கைப்பிடி அவளுக்கு. இருபது வருடம் அவள் இடது கையை அதன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வந்தாள். நான் தாண்டிப் போகும்போது பார்த்திருக்கிறேன், சண்டை போட்டுக்கொண்டு போனாலும் அந்தக் கை நகராது.

சண்டை பெரும்பாலும் ஒரு கல்லைப் பற்றி. முன்கட்டிலுக்கு அடியில் மெர்ல் ஒரு பச்சைக்கல் பாறையை வைத்திருந்தான். நூற்றுப் பத்து பவுண்டு. என்றைக்காவது அறுத்துப் பார்ப்பேன் என்பான், அறுத்ததே இல்லை. கால் நீட்ட முடியவில்லை, துணி வைக்க இடமில்லை என்று ஆர்டிஸ் திட்டுவாள். அதற்கு அவள் வைத்த பெயர் ஃப்ளாரன்ஸ், மெர்லின் அம்மா பெயர். "உங்கம்மா இன்னும் என் கட்டிலுக்கு அடியிலதான் இருக்கா" என்பாள். மெர்ல், அது அங்கேயே இருக்கட்டும் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டான். அந்த வாக்குவாதத்தைக் கேட்டுக்கொண்டே முகாமில் நான் காபி குடித்த காலைகள் எத்தனையோ.

எண்பத்தாறு டிசம்பரில் வாசல் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது மெர்ல் இறந்துபோனான். டென்வரில் இருக்கும் மகள் ரோஸ்லின், ட்ரெய்லரை விற்றுவிடச் சொன்னாள். அறுபத்திரண்டு வயதில் தனியாக அதை இழுக்கப்போகிறாயா என்று கேட்டாளாம். ஆர்டிஸ் யோசித்து ஒரு முடிவு சொன்னாள். "ஜூன்ல ஈடன் போறேன். ஒழுங்கா போய்ச் சேர்ந்தா வச்சுக்கிறேன். இல்லேன்னா வித்துடறேன்." அந்த வண்டி போனால் அவளுடைய கோடைகாலமும் போகும், நாங்களும் போவோம். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அதனால் உதவுகிறேன் என்று நான் புகுந்தேன். முப்பது வருடம் வண்டி இழுத்தவன் என்ற திமிர் வேறு. பெண்பிள்ளை ஓட்டப்போகிறாள், பாரம் குறைவாக இருந்தால் சுலபம் என்று என் மண்டையில் பட்டது. மெர்லின் கருவிப்பெட்டி, இரும்புப் பிடிகருவி, ஃப்ளாரன்ஸ் எல்லாவற்றையும் பலகையில் சரித்துத் தள்ளுவண்டியில் ஏற்றி என் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். ஆர்டிஸ் வாசலில் நின்று பார்த்தாள். அவன் பொருள்களைப் பார்க்காமல் இருந்தால் அவளுக்கு நல்லது என்றும் நினைத்தேன். காலியான இடத்தைப் பார்த்துவிட்டு, மூக்கை எடைபோட வேண்டாமா என்று கேட்டாள். நான் சிரித்தேன். "ஏம்மா, எடையைத்தான் குறைச்சாச்சே. அப்புறம் எதுக்கு எடை?" என்றேன். அவள் மிஷினை எடுத்து ட்ரெய்லருக்குள் வைத்தாள். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். அவள் முன்னால், நான் பின்னால். வழியில் வாம்சட்டர் ஊருக்கு ஆறேழு மைல் முன்பு, தென்மேற்கிலிருந்து காற்று பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு பெரிய லாரி என்னைத் தாண்டி அவளைத் தாண்டியது. அவள் ட்ரெய்லரின் பின்பக்கம் ஒரு முறை அசைந்தது. பிறகு இன்னொரு முறை, கொஞ்சம் அதிகமாக. அப்புறம் சாலைக் கோட்டுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம். பிரேக்கைத் தொடாதே, தொடாதே என்று வண்டிக்குள் தனியாகப் புலம்பினேன். பிரேக் விளக்கு எரியவே இல்லை. அவள் வேகத்தைத் தானாகக் குறையவிட்டாள். ட்ரெய்லரின் சக்கரங்கள் மட்டும் இறுகுவது தெரிந்தது. கைப்பிடியை இழுத்திருக்கிறாள். ட்ரெய்லர் இரண்டு முறை உதறிவிட்டு நேராக வந்தது.

வாம்சட்டர் பெட்ரோல் பங்க் வரை நடை வேகத்தில் போனோம். நான் இறங்கி ஓடினேன். அவள் இன்னும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ரோஸ்லின் சொன்னது சரிதான் வெண்டெல். எனக்கு இது வராது. போன உடனே வித்துடலாம்" என்றாள்.

ஒப்புக்கொள்கிறேன், ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருக்கலாமா என்று பார்த்தேன். அவள் தன்னையே குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் ஆமாம் என்றால் போதும், என் முப்பது வருடப் பெருமைக்கு ஒரு கீறல் விழாது. ஆனால் மெர்லின் முகம் நினைவுக்கு வந்தது.

"உனக்கு வராதா? நீ பண்ணினதை நான் பண்ணியிருக்க மாட்டேன், பிரேக்கை மிதிச்சிருப்பேன்" என்றேன். "தப்பு என்னோடது. முன்பாரம் மொத்தத்தையும் நான்தான் இறக்கினேன். எடை பாக்கலாமான்னு நீ கேட்ட. நான் சிரிச்சேன்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் இறங்கி ட்ரெய்லருக்குள் போய் எடை மிஷினையும் பலகையையும் எடுத்து வந்தாள். மூக்கை இறக்கினோம். மிஷின் தொண்ணூறு காட்டியது, மூன்றால் பெருக்கினால் இருநூற்று எழுபது. நாலாயிரம் பவுண்டு வண்டிக்கு நானூறாவது வேண்டும். மெர்ல் பார்த்திருந்தால் என்னை அங்கேயே இறக்கிவிட்டுப் போயிருப்பான்.

நாற்பது மைல் திரும்பி ஓட்டினேன். கொட்டகையிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றி வந்தேன். பங்க் வாசலில், கிழவனும் கிழவியுமாக அந்தப் பாறையைப் பலகையில் உருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியதை லாரிக்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கருவிப்பெட்டியும் பிடிகருவியும் பழைய இடத்துக்குப் போயின. மறுபடி எடை போட்டோம். மிஷின் நூற்று நாற்பது காட்டியது, அதாவது நானூற்று இருபது.

ஆர்டிஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலால் பாறையைத் தொட்டாள்.

"இருபது வருஷமா இதைத் தூக்கி எறியச் சொல்லிச் சண்டை போட்டேன். பாரத்துக்குத்தான் வச்சிருக்கேன்னு ஒரு தடவை சொல்லியிருக்கலாம்ல அந்த மனுஷன்?" என்றாள். பிறகு அவளே சொன்னாள். "சொல்லியிருந்தா நான் சண்டையை நிறுத்தியிருப்பேன். அவனுக்குப் பொழுது போயிருக்காது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் டிசம்பரிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான். நானும் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது.

மிச்ச வழி முழுக்கக் காற்று விடவில்லை. எத்தனையோ லாரிகள் தாண்டின. ட்ரெய்லர் அசைந்து அசைந்து தானாகவே அடங்கிக்கொண்டது. அவளுடைய வலது கை ஸ்டீயரிங்கை விட்டு அவ்வப்போது கைப்பிடிப் பக்கம் போய்வருவதை, இப்போது முன்னால் போன நான் என் வண்டியின் பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனேன்.

ஈடனுக்குப் பக்கத்து ஊரான ஃபார்சனில், ஒரு கடையில் இருந்த தொலைபேசியில் அவள் மகளைக் கூப்பிட்டாள். நான் பக்கத்தில் நின்று அவள் சுட்ட பலகாரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன், இந்த முறை கண்ணாடியில் அப்பாமல் முழுசாக வந்த ருபார்ப் பை. வந்து சேர்ந்துவிட்டேன் என்றாள். விற்கப்போவதில்லை என்றாள். அந்தப் பக்கம் ரோஸ்லின் ஏதோ கோபமாகக் கேட்பது கேட்டது.

"தனியா எங்க வந்தேன்?" என்றாள் ஆர்டிஸ். "உங்க பாட்டி கூட இருக்கா."

அப்படியே இன்னும் பதினான்கு ஜூன் ஆர்டிஸும் ஃப்ளாரன்ஸும் சேர்ந்தே வந்தார்கள்.