அல்ஹோலா பண்ணையில் பேச்சு வந்த கதை

கைசுவுக்கும் என்சியோவுக்கும் கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இருவருக்கும் நடுவில் சண்டை என்று ஒன்று வந்ததே இல்லை. சண்டை போடவும் பேச வேண்டுமே. பின்லாந்தின் ஹாமே சீமைக்காரர்கள் பொதுவாகவே வாயைச் சிக்கனமாகச் செலவழிப்பவர்கள். அவர்களிலும் அல்ஹோலா பண்ணைக்காரர்கள் ஒரு படி மேல் என்று ஊரே சொல்லும். காலையில் மாடுகளைக் கறந்து முடித்துச் சமையலறைக்கு வந்தால் ஆளுக்கொரு கோப்பை கறுப்புக் காப்பி, ஏலக்காய் பன், ஜன்னலுக்கு வெளியே ஏரி. "ம்" என்பான் என்சியோ. "ம்" என்பாள் கைசு. அன்றைய வேலை முழுவதும் அதிலேயே பேசி முடிந்துவிடும்.

அந்தக் குளிர்காலத்தில் கைசுவின் தோள்பட்டையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். வாளி தூக்கக் கூடாது, மாட்டுக்காகப் புளிக்கவைத்த புல்லை வாரிப் போடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தாம்பெரே நகரத்தில் வேலை பார்க்கும் மகள் ரீக்கா போனில் ஒரு வழி சொன்னாள்.

"வெளிநாட்டுல விவசாயம் படிக்கிற பிள்ளைங்க பயிற்சிக்கு வர்றாங்கம்மா. வீட்டோட தங்கி வேலை கத்துப்பாங்க. ஒருத்தரைக் கூப்பிட்டுக்கோ."

"வீட்டோடயா?"

"பின்ன, மாட்டோடயா?"

மார்ச் மாதம், முற்றத்தில் பனி முழங்கால் அளவு கிடந்தபோது ஐஸாதா வந்து இறங்கினாள். கிர்கிஸ்தானில் நாரின் என்ற மலையூர். மாடும் குதிரையுமாக வளர்ந்தவள். கிளம்புவதற்கு முன்பே பின்னிஷ் மொழியை ஓரளவு படித்துக்கொண்டு வந்திருந்தாள். மூத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. தன் ஊர் வழக்கப்படி கைசுவை 'எஜே' என்றாள், அக்கா என்று அர்த்தம். என்சியோவை 'பைக்கே' என்றாள், அண்ணன். பால் கறக்கும் எந்திரத்தை இரண்டே நாளில் பழகிக்கொண்டாள். கன்றுக்குட்டிகள் அவள் காலடிச் சத்தம் கேட்டதுமே கத்த ஆரம்பித்தன. கைசுவுக்கு மனசு நிறைந்துபோயிற்று. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம், காப்பிக்கு ஆளைக் காணோமே என்று கைசு மாடிக்குப் போனாள். ஐஸாதா கட்டிலில் பெட்டியைத் திறந்து வைத்துத் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"எங்க கிளம்பிட்ட?"

"வேற பண்ணைக்கு மாத்தித் தரச் சொல்லிக் கேக்கப் போறேன், எஜே."

"மாடு ஏதாவது உதைச்சுதா?"

"மாடெல்லாம் என்கிட்ட நல்லாத்தான் இருக்கு. நீங்க ரெண்டு பேரும்தான் வந்த நாள்லேருந்து என் மேல கோவமா இருக்கீங்க. என்ன தப்பு பண்ணேன்னும் சொல்ல மாட்டேங்கறீங்க."

கைசு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "கோவமா? நேத்து என்சியோ ரீக்காகிட்ட சொன்னான், இவ்வளவு நல்ல பொண்ணு இந்தப் பண்ணைக்கு வந்ததே இல்லைன்னு."

"என்கிட்ட சொல்லலையே."

"உன்கிட்ட எதுக்குச் சொல்லணும்? நீதான் இங்கயே இருக்கியே."

சொன்ன பிறகுதான் கைசுவுக்கே அது காதில் விழுந்தது. எவ்வளவு அபத்தமாக இருக்கிறது என்று தோன்றியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த ஐஸாதா சிரித்துவிட்டாள். பெட்டி கட்டிலுக்கு அடியில் போயிற்று. ஆனால் கீழே வந்ததும் அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"எங்க வீட்ல டீ குடிக்க உக்காந்தா, எந்திரிக்கறதுக்குள்ள ஆளுக்கு ஒரு விஷயமாவது சொல்லணும். இங்கயும் அப்படி இருந்தா நான் இருக்கேன்."

என்சியோ கோப்பையைக் கீழே வைத்தான். "என்ன விஷயம்?"

"எது வேணா, பைக்கே."

அவன் யோசித்தான். நெற்றி வேர்த்தது. ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "டிராக்டர் சிவப்பா இருக்கு" என்றான்.

கைசுவுக்குக் காப்பி புரையேறிவிட்டது.

அன்றிலிருந்து பாடுதான். முதல் வாரம் முழுவதும் பனியைப் பற்றியே பேசினார்கள். ஒரு நாள் கைசு தொழுவத்துக்குப் போனபோது, என்சியோ ஒரு கிழட்டுப் பசுவின் முன்னால் நின்று, மத்தியானக் காப்பிக்குச் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். பசு அசைபோட்டபடி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கைசு சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டாள்.

பேசப் பழகிய வாய் எங்கே போய் முட்டும் என்று யாருக்குத் தெரியும்? ஒரு சனிக்கிழமை கைசு வழக்கம்போல ஈரலும் அரிசியும் கலந்து, உலர்ந்த திராட்சை தூவி, அடுப்பில் வாட்டியெடுத்த பலகாரத்தை மேசையில் வைத்தாள். என்சியோ தன் முறை வந்ததும் சொன்னான்:

"எனக்கு இதுல திராட்சை போட்டா பிடிக்காது."

கைசு கரண்டியைக் கீழே வைத்தாள். "எப்பலேருந்து?"

"எப்பவுமே."

"முப்பது வருஷமா தின்னியே?"

"மெல்லாம முழுங்கிடுவேன்."

கைசு எழுந்து போய்விட்டாள். அன்று முழுவதும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. ஐஸாதா அடுப்படிப் பக்கம் மெல்ல வந்து நின்றாள்.

"எஜே, இது கோவமா, இல்ல வழக்கமா இருக்கறதா?"

"இது கோவம்."

"சரி. தெரிஞ்சுக்கலாம்னுதான் கேட்டேன்."

அந்தக் கேள்வியில் கைசுவின் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதியை அவள் சாயங்காலக் காப்பிக்குக் கொண்டுவந்தாள். "நானும் ஒண்ணு சொல்றேன். ஞாயித்துக்கிழமையானா ஏரிப் பனிக்கட்டியில ஓட்டை போட்டு, தூண்டிலைத் தொங்கவிட்டுட்டு உக்கார வைக்கறியே, அது எனக்குக் கொஞ்சங்கூடப் பிடிக்காது. இடுப்புக்குக் கீழ மரத்துப்போயிடும்."

என்சியோ அவளையே பார்த்தான். "உனக்குப் பிடிக்கும்னுதானே நான் வர்றேன். கல்யாணமான புதுசுல நல்லாருக்குன்னு சொன்னியே."

"ஏதாவது சொல்லணுமேன்னு சொன்னேன்."

"எனக்கும் குளிர் ஆகாது" என்றான் அவன்.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முப்பது குளிர்காலம், ஒருவருக்காக ஒருவர், உறைந்த ஏரியின் மேல். முதலில் சிரித்தது என்சியோதான். ஐஸாதா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று மாறி மாறிப் பார்த்தாள்.

மே மாதம் புல் தலையெடுத்ததும் மாடுகளை வெளியே விடும் நாள் வந்தது. வழக்கம்போல ஊர்க்காரர்கள் பிள்ளைகளோடு வேலியோரம் வந்து நின்றார்கள். கதவைத் திறந்ததுதான் தாமதம், குளிர்காலம் முழுக்க உள்ளே கிடந்த மாடுகள் வாலைத் தூக்கிக்கொண்டு, பின்னங்காலை உதறிக்கொண்டு, துள்ளிக் குதித்து ஓடின. மடி கனத்த கிழட்டுப் பசுக்கள்கூட இளங்கன்று போலப் பாய்ந்தன. கைசு தோள்பட்டை வலியையும் மறந்து கைதட்டிச் சிரித்தாள். ஐஸாதா தன் ஊர் மொழியில் ஏதோ கூவிக்கொண்டே மாடுகளுக்குப் பின்னால் ஓடினாள்.

கூட்டம் கலைந்த பிறகு புல்தரையிலேயே காப்பி குடித்தார்கள். என்சியோவின் முறை வந்தது.

"நான் குளிர்காலம் பூரா இந்த நாளுக்காகக் காத்திருப்பேன்."

"மாட்டுக்காகவா?" என்றாள் கைசு.

"நீ சிரிப்பே. வருஷத்துல இன்னிக்கு ஒரு நாள்தான் அப்படிச் சிரிப்பே. நான் மாட்டையா பார்க்கறேன்?"

ஐஸாதா பன் தட்டை எடுத்துக்கொண்டு மெதுவாக வீட்டுப் பக்கம் நழுவினாள். கைசு காலிக் கோப்பையைப் புல்லில் வைத்துவிட்டு, "முன்னாடியே சொல்லியிருந்தா இன்னும் கொஞ்சம் சிரிச்சிருப்பேன்" என்றாள்.

அடுத்த வசந்தத்தில் பயிற்சி முடிந்து ஐஸாதா ஊருக்குப் போனாள். கைசுவின் தோள்பட்டை சரியாகியிருந்தது, காப்பி நேரமோ நீண்டுகொண்டே போயிற்று. அந்தக் கோடையில் ஐஸாதாவின் அண்ணனுக்குக் கல்யாணம் என்று அழைப்பு வந்தது. விடுமுறை கிடைத்தாலும் தொழுவத்தை விட்டு நகராத இருவரும், மாடுகளைப் பார்த்துக்கொள்ளும் பதிலாள் யொவ்கோவை வரச்சொல்லிவிட்டு விமானம் ஏறினார்கள்.

நாரினில் கூடாரம் போட்டு நடந்த விருந்தில் ஒவ்வொரு விருந்தாளியும் எழுந்து நின்று மணமக்களை வாழ்த்திப் பேச வேண்டும். என்சியோவின் முறை வந்தபோது கைசு அவன் காதில், "நாலு வார்த்தை போதும்" என்றாள். அவன் எழுந்தான். மாடுகளைப் பற்றிச் சொன்னான், ஏரியைப் பற்றிச் சொன்னான், மனைவிக்குப் பிடிக்காததை அவளுக்காகவே செய்துகொண்டிருந்த ஒரு புருஷனைப் பற்றிச் சொன்னான். மொழிபெயர்த்து மொழிபெயர்த்து ஐஸாதாவின் தொண்டை வறண்டது. கிழவர்கள் தலையாட்டினார்கள், பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். இறைச்சிச் சாறு ஆறிப்போயிற்று. கைசு அவன் கோட்டைப் பிடித்து இழுத்த பிறகுதான் உட்கார்ந்தான்.

"அடுத்து எஜே பேசணும்" என்றாள் ஐஸாதா.

கைசு எழுந்தாள். "எல்லாத்தையும் இவனே சொல்லிட்டான். நான் ஒண்ணே ஒண்ணு சொல்றேன். பிடிக்கலைன்னா முதல் வருஷமே சொல்லிடுங்க." மணப்பெண் புது மாப்பிள்ளையை ஓரக்கண்ணால் பார்த்த பார்வைக்குக் கூடாரமே சிரித்தது.

அவர்கள் திரும்பி வந்த அன்று யொவ்கோ கிளம்புவதற்காக வாசலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான். அவனும் ஹாமேக்காரன். மரியாதைக்காக, "எப்படி இருந்துது?" என்று மட்டும் கேட்டான். என்சியோ ஆரம்பித்தான். மலையில் ஆரம்பித்து, குதிரைப் பாலுக்கு வந்து, விமானத்தில் கொடுத்த சாப்பாடு வரைக்கும் போனான். யொவ்கோ ஒரு காலில் பூட்ஸும் மறு காலில் வெறும் சாக்ஸுமாக, தப்பிக்க வழி தெரியாமல் கைசுவைப் பார்த்தான்.

கைசு அடுப்பைப் பற்றவைத்தாள். "உள்ள வந்து உக்காரு, யொவ்கோ. இவன் கதை இப்போதைக்கு முடியாது."