செனனின் கட்டைவிரலும் கருநத்தையும்

எங்கள் கிளேர் பக்கத்தில் மரு உதிர ஒரு வழி உண்டு. தேடாமல் கண்ணில் பட்ட கருநத்தையை மருவில் தேய்த்து, வேலி முள்ளில் குத்திவிட வேண்டும். நத்தை காயக் காய மருவும் காயும். தேடிப் பிடித்தது பலிக்காது.

பக்கத்துப் பண்ணை செனனுக்கு அங்கேதான் சிக்கல். மழை விட்டதும் உப்பு டப்பாவோடு முட்டைக்கோஸ் பாத்தியில் இறங்கி நத்தை தேடி, உப்புப் போட்டுக் கொல்வது அவனுடைய அன்றாட வேலை. ஓடில்லாத, விரல் நீள ஜந்துகள். வெயில் நேரமெல்லாம் கல்லுக்கடியில் ஈரத்தில் கிடந்துவிட்டு மழைக்கு வெளியே வரும். தினமும் தேடுகிறவனுக்குத் தேடாமல் எப்படிக் கிடைக்கும்?

அவன் கட்டைவிரல் அடியில் மரு என்று நினைத்தது கறுத்து வளர்ந்தது. பால் கறந்தால் ரத்தம் கசிந்தது. அவன் பாத்திப் பக்கம் போவதையே நிறுத்தினான்.

"ஏ மனுசா, கோஸ்ல நடுநரம்புதான் மிச்சம். நத்தையெல்லாம் உன்ன மாதிரி கொழுத்துப்போச்சு," என்றாள் அவன் மனைவி நோனி.

"திங்கட்டும்."

"டாக்டர்கிட்டயாவது போயேன்."

"மருவுக்கு டாக்டரா? ஊரே சிரிக்கும்டி. மொதல்ல நத்தை கண்ணுல படட்டும். அதுலயும் போகலேன்னா வர்றேன்."

நோனி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் காலை கோஸ் இலையில் ஒன்றை ஏந்திவந்து மாட்டுக்கொட்டில் வாசலில் வைத்தாள். பயந்துபோன நத்தை உருண்டையாகச் சுருங்கி, அப்படியும் இப்படியும் ஆடியது. வேலிக்கு இந்தப்பக்கம் நின்ற என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

செனன் கண்டான், தேய்த்தான், குத்தினான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"இப்ப டாக்டர்கிட்ட?"

"காயட்டும்டி, அப்புறம் பாக்கலாம்."

எங்கள் ஊர் மழையில் எது காயும்? அது முள்ளிலேயே ஊறிக் கிடந்தது. பிறகு ஒருநாள் முள் காலி. ஏதோ குருவி கொத்தியிருக்கும். "பாத்தியா, போயிருச்சு," என்று முள்ளைக் காட்டினான், விரலைக் காட்டவில்லை.

அக்குளில் கட்டி தெரிந்த பிறகுதான் என்னிஸ் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே, உடம்பெல்லாம் பரவிவிட்டது என்றார்கள்; வெட்டியெடுப்பதைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை.

நேற்று பார்க்கப் போயிருந்தேன். நோனி அவனுக்கு டீ புகட்டிக்கொண்டிருந்தாள்.

"நோனி, அந்த நத்தை தானா வந்ததுதானே? யாரும் கொண்டாந்து வெக்கலியே?" என்று கேட்டான் செனன்.

"தானாத்தான் வந்துச்சு. உனக்கு யாரு வெப்பா?"

"அப்போ இன்னும் பலிக்கும்."

"பலிக்கும். ஆறிப்போவுது, குடி."

நான் என் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.