பிரேக்கை நாலு தரம் மிதிங்க

வண்டி கழுவுகிற தொழிலில் அழுக்கு ஒரு நாளும் தகராறு பண்ணாது, அழுக்கோடு வந்து இறங்குகிற ஆள்தான் பண்ணுவார். சோப்பு நுரையில் கை ஊறி நகம் வெளுத்த சகாக்களே, நீங்களும் பட்டிருப்பீர்கள்.

எண்பதுகளில் உத்திரமேரூரில் ஒரு வாட்டர் சர்வீஸில் எனக்குச் சக்கரம் கழுவுகிற வேலை. வண்டியின் மேல்பாகத்தை யாரும் கழுவிவிடலாம். சக்கரத்துக்குக் கொஞ்சம் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. சொன்னால் புகார் முதலாளிக்குப் போகும். "ஒரு நாள் ஒன்ன வூட்டுக்கு அனுப்பிடுவேன்" என்று அவர் மாதத்துக்கு ஒரு தடவையாவது மிரட்டுவார். எனக்குக் காணி நிலம் கிடையாது, பள்ளிக்கூடம் போகிற பெண்கள் இரண்டு பேர். அந்த வேலை போனால் அறுப்புக்குத்தான் போகவேண்டும், அதுவும் அறுப்பு இருக்கிற மாதத்தில். அதனால் மிரட்டல் ஒவ்வொன்றும் எனக்கு வயிற்றில்தான் இறங்கும்.

கொதித்த டிரம்

செங்கல்பட்டிலிருந்து வந்து உர மூட்டைகளை இறக்கிய கையோடு ஒரு லாரி நேராகக் கழுவும் மேடையில் ஏறி நின்றது. விரலால் தண்ணீர் தொட்டுப் பின்சக்கரத்துப் பிரேக் டிரம்மில் தெளித்தேன். சுர்ரென்றது. பிரேக் பிடித்துப் பிடித்து அப்படிச் சூடேறிய இரும்பில் பச்சைத் தண்ணீரை அடித்தால் விரிசல் விடும். "அரை மணி நேரம் ஆறட்டும்ணே" என்றேன்.

டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தார், எழுந்தார், கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, நேராக முதலாளியிடம் போய், எனக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னார்: "வாட்டர் சர்வீஸுன்னு போர்டு வெச்சிக்கினு தண்ணி ஊத்த மாட்டேன்றான். இன்னா கடைபா இது?"

தாரும் தேங்காய் எண்ணெயும்

திருப்புலிவனம் பக்கம் புதிதாகத் தார் போட்டார்கள். அந்த வாரம் முழுக்க எனக்குத் தார்தான். ஆஸ்பத்திரி நர்ஸம்மா தன் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டு ரிம்மிலும் கறுப்புக் கறுப்பாக ஒட்டிக் கிடந்தது. கத்தியால் சுரண்டச் சொன்னார். பூச்சு உரிந்து துரு ஏறும் என்றேன். பெட்ரோலை ஊற்றச் சொன்னார். டயரில் வழிந்தால் ரப்பர் கெட்டுவிடும் என்றேன். தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு ரிம்மில் மட்டும் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டால் தார் இளகி வந்துவிடும், அப்புறம் சோப்புத் தண்ணீரில் பிசுக்கு எடுத்துவிடலாம், இதுதான் வழி.

எங்களிடம் எண்ணெய் தீர்ந்துபோயிருந்தது. எதிர்க் கடையில் அவர் அப்போதுதான் வாங்கிய பாட்டில் பையில் இருந்தது. அதைக் கேட்டது என் தப்புதான். கொடுத்தார். தாரும் போயிற்று. ஆனால் போகும்போது பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குறைந்த அளவை முதலாளிக்குக் காட்டிவிட்டே போனார்: "ரோட்டுத் தாரை எடுக்க என் தலைக்கு வெக்கிற எண்ணெயா? நாளைக்கு ஷாம்பும் கேப்பான்போல கீது."

கலையாத பொட்டு

ஆயுத பூஜை முடிந்த வாரம் புள்ளலூரிலிருந்து ஒரு டிராக்டர். சக்கரம் முழுக்கச் சேறு. சேற்றுக்கு நடுவே நான்கு சக்கரத்திலும் சந்தனம், குங்குமம். "சக்கரம் பளிச்சினு இருக்கணும், பொட்டு மட்டும் கலையக் கூடாது" என்றார் வண்டிக்காரர்.

இதற்கு நான் என்ன செய்ய? கொட்டாங்கச்சியைப் பொட்டின்மேல் கவிழ்த்து இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஹோஸ் பிடித்தேன். மூன்று சக்கரம் தப்பித்தது. நாலாவதில் கொட்டாங்கச்சி வழுக்கி, குங்குமம் கோடாக இறங்கி டயர் வரைக்கும் போய்விட்டது. புதிதாகக் குங்குமம் வைத்துத் தருகிறேன் என்று கெஞ்சினேன். அந்த மனுஷர் கோபப்படக்கூட இல்லை, உண்மையாகவே பயந்துபோயிருந்தார். "நீ வெச்சிடுவபா. எங்க வூட்டுக்காரி வந்து பாத்தா அவ கை எது, ஒங்கை எதுன்னு கண்டுபுடிச்சிடுவா. நீயே வந்து அவளாண்ட சொல்லு."

பெண்ணழைப்புக் கார்

கழுவின சக்கரத்தில் டிரம்முக்குள் தண்ணீர் தங்கும். கிளம்பினவுடனே பிரேக் பிடிக்காது. அதனால் மேடையை விட்டு இறங்கும் ஒவ்வொருவரிடமும், "மெதுவா உருட்டிக்கினே பிரேக்கை நாலு தரம் மிதிங்க, ஈரம் போயிடும்" என்று சொல்வது என் வழக்கம். பெண்ணழைப்புக்குப் பூ ஜோடிக்கப் போகிற அம்பாசிடர் ஒன்றின் டிரைவரிடமும் அதைத்தான் சொன்னேன். அவர் சரி என்றார். பின்சீட்டில் இருந்த, கல்யாணப் பெண்ணின் தாய்மாமன் ஏன் என்று கேட்டார். "இல்லன்னா பிரேக் பிடிக்காதுங்க" என்றேன்.

அவர் முகம் செத்துப்போயிற்று. கீழே இறங்கி, முதலாளி மேஜையை ஓங்கித் தட்டினார்: "பொண்ணழைக்கப் போற வண்டியாண்ட பிரேக் பிடிக்காதுன்றான். வாய கழுவிட்டு அப்பறம் சக்கரத்த கழுவச் சொல்லு."

முதலாளியின் வெள்ளிக்கிழமை

அன்றைக்கே உத்தரவு வந்துவிட்டது. இனி வேலை உண்டு, பேச்சு கிடையாது. பிரேக் என்ற வார்த்தை என் வாயில் வந்தால் அதுதான் கடைசி நாள். பயந்துபோய், நான்கு நாள் டிரைவர்களுக்குக் காலால் மிதித்து ஜாடை காட்டியே அனுப்பினேன். அதற்கும் ஒருவர், எனக்குக் காலில் என்ன வியாதி என்று கேட்டுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை முதலாளியே புது வேட்டியில் வந்தார். அவருக்கு ஊரில் ஒரு அரிசி மில்லும் உண்டு, அதற்குப் புது மிஷின் விலை பேசக் காஞ்சிபுரம் போகிறாராம். அவர் கார்ச் சக்கரங்களைத் தண்ணீர் அடித்துக் கழுவி, துடைத்துத் துடைத்துக் கண்ணாடி மாதிரி பண்ணினேன். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். "முதலாளி..." என்றேன். கையை உயர்த்தினார். "நல்ல காரியமா கெளம்பறேன், பின்னால கூப்புடாத" என்றார். ஜன்னல் பக்கம் போய்க் காலால் மிதித்துக் காட்டினேன். அவர் பார்த்தது எதிரே ரோட்டைத்தான்.

கார் மேடைச் சரிவில் இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. அவர் மிதிப்பது எனக்குத் தெரிந்தது, கார் நிற்பதுதான் தெரியவில்லை. நேராகப் போய் எங்கள் போர்டு நட்ட கம்பத்தில் முட்டி நின்றது. ஆளுக்கு ஒன்றுமில்லை. பம்பர் உள்ளே போயிற்று, 'வாட்டர் சர்வீஸ்' என்ற பலகை பானட்டின்மேல் படுத்துக்கொண்டது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். வேட்டியைச் சரிசெய்துகொண்டே இறங்கினார், பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்: "ஊர்ல கீறவனுக்கெல்லாம் சொல்லுவ. எனுக்கு மட்டும் வாய மூடிக்கினு நிப்பியா?"

வேலை போகவில்லை, மறுநாள் நிமிர்த்தி நட்ட போர்டின் அடியில் 'பிரேக்கை நாலு தரம் மிதித்துக் கிளம்பவும்' என்று பெயின்ட்டில் எழுதியும் வைத்தார், அதைப் படிக்கிறவர்கள் எல்லாரும் தவறாமல் என்னிடம் வந்து ஏன் என்று கேட்டார்கள்.