தெரியாத முகவரிகளை அழித்த விதி

மழை விட்டும் மூன்று நாளாகத் தொலைபேசி செத்துக் கிடந்தது. முடிச்சூர் சாலையில் எங்கோ கேபிள் தண்ணீரில் ஊறிவிட்டது என்றார்கள். கைபேசி எங்களிடம் கிடையாது. மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு மிச்சமிருந்த ஒரே வழி, டிவி கேபிள்காரர் கொடுத்திருந்த இணைய இணைப்பு. வெளிநாட்டு மருத்துவமனையில் பிரசவத்துக்குச் சேர்ந்திருந்த மகளைப் பற்றி எந்தச் செய்தியானாலும் அதில்தான் வரவேண்டும்.

வீட்டில் மூன்று கணினிகள். விண்டோஸ் என்னுடையது. லினக்ஸ் போட்டது மகன் விட்டுச்சென்றது. மேக் மடிக்கணினி, மகள் தன் அம்மாவுக்குக் கொடுத்தது. மூன்றிலும் ஒரே மின்னஞ்சல் மென்பொருள், ஒரே முகவரி. ஒன்று பழுதானால் மற்றது இருக்கட்டும் என்று ஒவ்வொன்றிலும் கடிதங்களைத் தனித்தனியே இறக்கிக்கொள்வோம்.

எனக்கு வைரஸ் பயம் அதிகம். எனக்குத் தெரிந்த முகவரிகள் இருபத்தாறு. அவற்றைத் தவிர வேறெங்கிருந்து கடிதம் வந்தாலும் 'சந்தேகம்' என்ற அடைவுக்கு, அதாவது ஃபோல்டருக்கு, போகும்படி மென்பொருளில் ஒரு விதி எழுதினேன். அந்த விதி இருக்கும் அமைப்புக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்துப்போய் லினக்ஸில் வைத்தேன். வேலை செய்யவில்லை. ஒரே அடைவுதான், ஆனால் அது இருக்கும் இடத்தை விண்டோஸ் ஒரு மாதிரி எழுதுகிறது, லினக்ஸ் வேறு மாதிரி. இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு, 'நகர்த்து' என்பதை 'அழி' என்று மாற்றினேன். அழிப்பதற்கு இடம் எதுவும் சொல்லவேண்டியதில்லை. எல்லாக் கணினிகளிலும் ஒன்றுபோல ஓடும்.

மேக்கில் மட்டும் போடவில்லை. முன்பொருமுறை நான் அதைச் சீர்செய்யப் போய் எழுத்தெல்லாம் எறும்பளவு ஆகிவிட்டதில் மனைவிக்குக் கோபம். அவள் குளிக்கப் போகும் நேரத்துக்காகப் பென் டிரைவைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அன்று காலை, விதி எத்தனை கடிதங்களை அழித்தது என்று பதிவைப் பார்த்தேன். பதினான்கு. கைக்கடிகாரம், மாத்திரை, லாட்டரி என்று பதின்மூன்று. பதினான்காவது, நான் பார்த்தேயிராத ஒரு முகவரியிலிருந்து. தலைப்பு ஆங்கில எழுத்தில்: "மாமா, உடனே பதில் போடுங்க." என்னை மாமா என்று கூப்பிடுகிறவர் மருமகன் ஒருவர்தான்.

குப்பைத்தொட்டியைத் திறந்தேன். காலி. மென்பொருளை மூடும்போதே காலியாகட்டும் என்று அமைத்தவனும் நான்தான். லினக்ஸுக்கு ஓடினேன். அங்கும் அதே பதினான்கு, அதே காலி. என் கோப்பு இரண்டிலும் ஒரு பிசகும் இல்லாமல் வேலை செய்திருந்தது. என்ன கேட்டிருப்பார்? யாருக்கு என்ன?

மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு மேக்கைத் திறந்தாள். கடிதம் இருந்தது. மருத்துவமனைக் கணினியிலிருந்து எழுதியிருந்தார். மகளுக்குக் காய்ச்சல் ஏறியிருக்கிறது, ஊசி போட வேண்டும், சின்ன வயதில் ஏதோ மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்கிறாள், எதுவென்று அவளுக்குத் தெரியவில்லை, வீட்டு போன் எடுக்கவில்லை. அனுப்பி ஆறு மணி நேரம் ஆகியிருந்தது.

"பெனிசிலின். உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு வாங்கிச்சே" என்று சொல்லிக்கொண்டே ஒற்றை விரலால் தட்டி அனுப்பினாள். பிறகு என் சட்டைப்பையைப் பார்த்தாள்.

"அதை இங்க வைங்க."

பென் டிரைவை எடுத்துக் கொடுத்தேன். அதைப் பீன்ஸ் நாரோடு தட்டில் போட்டுக்கொண்டாள். இருவரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். நான் என் மூச்சுகளை எண்ணினேன். எண்ணிக்கை பாதியில் தவறித் தவறிப் போனது.

மத்தியானம் வந்தது பதில். வேறு மருந்து போட்டிருக்கிறார்கள், காய்ச்சல் இறங்குகிறது, பெண் குழந்தை.

அன்றே இரண்டு கணினியிலும் விதியை எடுத்துவிட்டேன். இப்போதும் லாட்டரிக் கடிதம் வந்தால்கூட முழுதாகப் படித்துவிட்டுத்தான் அழிக்கிறேன்.