கமலாம்பிகை எடுத்துக் கொடுத்த பந்து

டுசல்டோர்ஃப் நகரத்துக்குக் கோல்ஃப் விளையாட்டைக் கொண்டுவந்தவரே எங்கள் பக்கத்து வீட்டு மகேந்திரராஜாதான். சரி, கொஞ்சம் கூட்டிவிட்டேன். அவர் வருவதற்கு முன்பும் சில ஜெர்மன்காரர் ஏதோ தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர், நகரத்துக்கு வெளியே ஒரு கோல்ஃப் கழகத்தின் சமையலறையில் கோப்பை கழுவினார். பிறகு புல்வெட்டும் இயந்திரத்தில் ஏற்றிவிட்டார்கள். வேலை முடிந்ததும், யாரோ கழித்துவிட்ட பழைய மட்டையால் அடித்துப் பழகினார். இந்த நாட்டில் மைதானத்தில் இறங்கவே பரீட்சை உண்டு. முதல் தடவை கோட்டைவிட்டு, அடுத்த தடவை பாஸாகி, உறுப்பினரானார். காசுக்கு ஒருநாளும் ஆடியதில்லை. 2006 கோடையில், கழகத்தின் சாம்பியன் பட்டத்துக்கான இறுதி ஆட்டத்தில் ஒரு பல்வைத்தியருக்கு எதிரே நின்றார்.

கடைசிக் குழி வரை இருவரும் சமம். மகேந்திரராஜா அடித்த பந்து குழிக்குச் சற்றுத் தள்ளி நீண்ட புல்லுக்குள் விழுந்தது. அன்றுதான் முதன்முதலாக ஆட்டம் பார்க்க வந்த அவர் மனைவி கமலாம்பிகை, தோளில் ஒரு பையோடு ஓடிப்போய், பந்தைக் கண்டெடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து நீட்டினாள்.

“இந்தாங்கோ. தேடித் திரியப்போறியள் எண்டு எடுத்தனான்.”

“ஐயோ! கிடக்கிற பந்தைத் தொடக்கூடாதப்பா!”

“ஒருத்தரும் பாக்கேல்லை. பொத்தெண்டு போட்டிட்டு அடியுங்கோவன்.”

“நான் பாத்தனானே!” என்றவர், கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட்டுவிட்டார்.

நடுவர் தாடியைத் தடவினார். பார்வையாளர் எடுத்திருந்தால் குற்றமில்லை, பந்தைக் கிடந்த இடத்திலேயே வைத்து ஆடலாம். ஆட்டக்காரரின் மட்டை சுமக்கும் உதவியாளர் எடுத்திருந்தால் ஓர் அடி தண்டனை. பட்டமும் போன மாதிரித்தான்.

“அந்தப் பைக்குள் என்ன?” என்று ஜெர்மனில் கேட்டார்.

மகேந்திரராஜாவின் முகம் வெளிறியது. தன்னுடைய கோல்ஃப் சாமான் எதையாவது அதற்குள் திணித்து, தானே உதவியாளராகிவிட்டாளோ? கமலாம்பிகை பையைத் திறந்தாள். ஆட்டிறைச்சி ரோல்ஸ். ஒரு போத்தல் தேநீர். வேறொன்றுமில்லை.

“பார்வையாளர்,” என்றார் நடுவர்.

மகேந்திரராஜா விட்ட பெருமூச்சில் குழிக்கம்பத்துக் கொடி ஒருமுறை ஆடியது. பந்து பழைய இடத்துக்குப் போனது. இரண்டே அடியில் குழிக்குள் தள்ளினார். பல்வைத்தியருக்கு மூன்று வேண்டியிருந்தது.

கமலாம்பிகை எல்லாருக்கும் ரோல்ஸ் நீட்டினாள். நடுவர் ஒன்றைத் தின்றபடி வெற்றிபெற்றவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்கள் ஆளின் நேர்மையை நினைத்து நினைத்து அந்த மனிதர் விம்மி அழுதார்.

பக்கத்தில் இருந்து இதை வாசிக்கிற கமலாம்பிகை சொல்கிறாள்:

“நடுவர் அழேல்லை மாமி. ரோல்ஸுக்கு நான்தான் மிளகாய்த்தூளைக் கூடப் போட்டிட்டன்.”