மாப்பிள்ளையிடம் தோற்பவர்கள்

லேக் மார்க்கெட்டில் காபிப்பொடி வாங்கப் போனால் அம்மாவின் தோழிகள் யாராவது என்னைப் பிடித்துக்கொண்டு, "நீ என்ன வேலைடி பாக்கற?" என்று கேட்பார்கள். வீடியோ கேம் கம்பெனி என்பது வரை முகத்தில் சிரிப்பு இருக்கும். அதில் சண்டை போடும் பாத்திரங்களின் பலத்தைச் சமன் செய்வது என் வேலை என்றதும் சிரிப்பு நின்றுவிடும். "எல்லாருக்கும் ஒரே பலம்னா அப்பறம் யார்தான் ஜெயிக்கறது?" என்று ஒரு மாமி கேட்டார். பை கனக்கக் கனக்க நடைபாதையில் நின்று அவருக்கு விளக்கினேன். ஒரே பலம் இல்லை மாமி, ஒருத்தன் வேகமாக ஓடுவான், இன்னொருத்தன் மெதுவாக வந்து ஓங்கி அடிப்பான், யாரை எடுத்துக்கொண்டு ஆடினாலும் ஜெயிக்க ஒரு வழி இருக்க வேண்டும், அவ்வளவுதான். மாமி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ இன்னும் பர்மனென்ட் ஆகலையா?" என்றார்.

விளையாடுகிறவர்கள் மட்டும் புரிந்துகொண்டு கிழித்துவிட்டார்களா என்ன? தோற்றவர்கள் எங்களுக்கு எழுதுவது ஒரே விஷயம்தான். என்னை அடித்தவனின் பாத்திரம் அநியாயத்துக்குப் பலமாக இருக்கிறது, உடனே குறையுங்கள். நான் சரியாக ஆடவில்லை என்று இதுவரை ஒரு ஜீவன் எழுதியதில்லை. அதிகம் ஜெயிக்கிற பாத்திரம் அதிக பலமுள்ள பாத்திரம் என்பது அவர்கள் முடிவு. எங்கள் ஆபீசும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது என்பது எனக்கு என் வீட்டுக்காரரால் தெரிய வந்தது.

அவர் மதுரைக்காரர், மத்திய அரசு உத்தியோகம். கல்யாணம் ஆனதும் மாற்றல் வாங்கிக்கொண்டு வங்காளத்துக்கு, என் ஊருக்கு வந்தார். அப்பா சாந்த்ராகாச்சியில் ரயில்வே வேலையில் இருந்தபோது ஜாதவ்பூரில் ஒரு ஃபிளாட் வாங்கினார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தத் தெருதான். கோபம் வந்தால் எனக்கு வங்காளிதான் முதலில் வரும். அவருக்கோ இங்கே ஒருவரையும் தெரியாது. ஆபீசில் மத்தியானம் எல்லோரும் வங்காளியில் அரட்டை அடிக்க, அவர் டிபன் பாக்ஸைப் பார்த்தபடியே சாப்பிட்டுவிட்டு வருவார்.

"இங்க எனக்குன்னு யாரு இருக்கா சொல்லு? அடுத்த துர்கா பூஜை வரைக்கும் பாக்குறேன். ஒட்டலேன்னா மதுரைக்கே திருப்பி எழுதிக் குடுத்துர்றேன்" என்றார் ஒரு நாள்.

சண்டை போட்டுச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னதால் பயந்துபோனேன். நான் பார்க்கும் வேலை மதுரையில் கிடையாது. அப்பா அம்மாவையும் விட்டுவிட்டுப் போக முடியாது. அவர் போனால் தனியாகத்தான் போக வேண்டும், அப்புறம் எங்கள் குடித்தனம் போனில்தான் நடக்கும்.

அந்தச் சமயத்தில் எங்கள் கம்பெனியின் சண்டை விளையாட்டு முடியும் தறுவாயில் இருந்தது. சோதித்துப் பார்க்க ஆட்கள் தேவை. நகரத்தில் சில இடங்களில் அதை வைத்தோம். எங்கள் தெரு கிளப்பில் கேரம் போர்டுக்குப் பக்கத்தில் நானே கொண்டுபோய் வைத்தேன். வங்காளிகள் தெருவை பாடா என்பார்கள். பாடா என்றால் தெரு மட்டுமில்லை, அங்கே இருக்கிற மனிதர்கள், அவர்களுடைய அதிகாரம், அன்பு, வம்பு எல்லாம் சேர்ந்தது. சும்மா வேடிக்கை பார்க்க வாருங்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

அவர் எடுத்தது மீன்காரரை. இருப்பதிலேயே மெதுவான பாத்திரம். கையில் ஒரு பெரிய வலை. வலை விழுந்தால் எதிராளி தொலைந்தான், ஆனால் அது வருவது நன்றாகத் தெரியும், ஒதுங்கிக்கொள்ளலாம். அதனால் யாரும் அவரைத் தொடுவதில்லை. "பாவமா நிக்கிறாரு, இவரையே எடுப்போம்" என்றார் என் வீட்டுக்காரர். எடுத்தார், ஜெயித்தார்.

பிறகு ஞாயிறு தவறாமல் போனார். கொஞ்ச நாளில் ஆபீஸ் விட்டதும் நேரே கிளப்புக்கே போக ஆரம்பித்தார். வந்து சட்டையைக்கூட மாற்றாமல், எந்த நேரத்தில் எப்படி வலையைப் போட்டேன் என்று அடுப்படியில் நின்று நடித்துக் காட்டுவார். கிளப்பிலேயே கெட்டிக்காரி, பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் படிக்கும் ஒரு பெண். அவளையும் ஜெயித்துவிட்டார். 'தாருண்' என்றால் பிரமாதம் என்று அவளிடம் கற்றுக்கொண்டு வந்து என் ரசத்தைப் பார்த்துச் சொன்னார். மாற்றல் பேச்சு நின்றது. நான் வேண்டாத தெய்வம் இல்லை, ஆனால் மீன்காரர்தான் காப்பாற்றுவார் என்று நினைக்கவில்லை.

அடுத்து ஆபீசில் அந்த மீட்டிங் நடந்தது. எந்தப் பாத்திரம் எவ்வளவு ஜெயிக்கிறது என்ற வரைபடத்தைத் திரையில் போட்டார்கள். மீன்காரர் உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்திருந்தார். யார் ஆடினார்கள் என்பது அந்தப் படத்தில் இல்லை. மீன்காரரை எடுத்து ஆடுகிறவர்கள் மிகக் குறைவு, அதில் பாதி ஆட்டம் என் வீட்டுக்காரருடையதாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். சொன்னேன். "இருக்கட்டுமே, புதுசா ஆட வந்தவரே இவ்வளவு ஜெயிக்கறார்னா பாத்திரம் அவ்வளவு பலமா இருக்குன்னுதானே அர்த்தம்?" என்றார் எங்கள் குழுவின் தலைவர். வலையைக் குறைத்தால் என் புருஷன் மதுரைக்குப் போய்விடுவார் என்று மீட்டிங்கில் எப்படிச் சொல்வது? என் கையாலேயே வலையின் வேகத்தைக் குறைத்தேன்.

அந்த ஞாயிறு, அவர் தோற்பதைப் பார்க்க மனசைத் திடப்படுத்திக்கொண்டு கூடவே போனேன்.

அவர் ஜெயித்தார்.

வலை போன வேகத்தில் எதிராளி ஒரு டீ குடித்துவிட்டு வந்து ஒதுங்கியிருக்கலாம். இன்ஜினியரிங் பெண் ஒதுங்கவில்லை. வலை தாண்டிப் போய்விடும்போல இருந்ததும், தன் ஆளை ஓடவிட்டு அதற்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்தினாள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். என் வீட்டுக்காரர் தட்டவில்லை. வலையின் வேகம் அவர் விரலுக்குப் பழக்கம். திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கையிலிருந்ததை மெல்ல மேஜைமேல் வைத்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது, "எத்தனை நாளா நடக்குது இது?" என்றார்.

"சத்தியமா எனக்கே இப்பத்தான் தெரியும்."

"ம்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் கிளப் செயலாளரைப் பிடித்தேன். நாங்கள் காக்கு என்று கூப்பிடுவோம், சித்தப்பா முறை. அவர் கொஞ்சமும் கலங்காமல் வங்காளியில் சொன்னார். "நான்தான் சொல்லி வைச்சேன். நீ இந்தப் பாடாவோட பொண்ணு. அவர் நம்ம ஜாமாய். மாப்பிள்ளைய ஜெயிச்சு அனுப்பறதா? எந்த வீட்டுல நடக்கும்?"

இங்கே மாப்பிள்ளைக்கென்றே வருஷத்தில் ஒரு நாள் உண்டு. மாமியார் விசிறி வீசி, பெரிய மீன் தலையை எடுத்துத் தட்டில் வைப்பார். காக்கு தொடர்ந்தார். "உங்கம்மா சைவம். மீன் தலைக்கு அவர் எங்க போவார்? நாங்க இதையாவது குடுக்க வேண்டாமா?" நான் திட்டுவதற்கென்றுதான் வந்திருந்தேன். ஒரு தெருவே சேர்ந்து தினமும் தோற்றிருக்கிறது. அழுகைதான் வந்தது.

ஆனால் என் வீட்டுக்காரர் கிளப்புக்குப் போவதை நிறுத்திவிட்டார். பூஜைப் பந்தலுக்கு மூங்கில் வந்து இறங்கியது. ஒரு ஞாயிறு மத்தியானம் போனில் மாற்றல் விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாசத்துலதான் பண்ணிருக்காங்க" என்றேன்.

"தெரியும். அதான் கோவிச்சுக்கக்கூட முடியல. ஆனா மாப்பிள்ளையா ஒரு வாரம் இருக்கலாம். ஆயுசு பூரா விருந்தாளியாவே எப்படி இருக்கிறது? ஒருத்தன் என்னைய நேரா அடிச்சிருந்தா, சரி, நாமளும் ஒரு ஆளுன்னு இருந்திருக்கும்."

செருப்பைப் போட்டுக்கொண்டு நேரே காக்குவிடம் போனேன். என் வீட்டுக்காரர் சொன்னதை அப்படியே வங்காளியில் சொன்னேன். விண்ணப்பத்தைப் பற்றியும் சொன்னேன். காக்கு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "நாங்க இப்படி யோசிக்கவே இல்லையேம்மா" என்றார்.

அன்று சாயங்காலமே இன்ஜினியரிங் பெண் எங்கள் வாசலில் வந்து நின்றாள். ஹிந்தியில், "நீங்க வரலைன்னா பயந்துட்டீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிருவேன்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். போனார்.

அவரை அடித்துத் துவைத்துவிட்டார்கள். நான் பார்க்கவில்லை, கூச்சல் தெருமுனை வரை கேட்டது. வீட்டுக்கு வரும்போது சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

"ஒண்ணுகூட ஜெயிக்கல. ஒண்ணே ஒண்ணுகூட! அந்தப் பொண்ணு இருக்கே, ராட்சசி" என்று சொல்லிவிட்டு, என்னென்ன தப்பு பண்ணினேன் என்று அடுப்படியில் நின்று நடித்துக் காட்ட ஆரம்பித்தார். ஜெயித்த நாட்களில்கூட அவர் அவ்வளவு நேரம் நடித்ததில்லை.

ஆபீசில் வலையின் பழைய வேகத்தைத் திருப்பிக் கேட்டேன். காரணம் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் அந்தப் பாடாவின் ஜாமாய் என்றேன். குழுத் தலைவர் வங்காளி. "ஓ, ஜாமாயா!" என்று தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார், வேறு விளக்கம் கேட்கவில்லை. இப்போது யார் யாரோடு ஆடினார்கள் என்று பார்க்காமல் எங்கள் ஆபீசில் யாரும் ஒரு பாத்திரத்தின்மேலும் கை வைப்பதில்லை.

பூஜை வந்தது. அஷ்டமி அன்று பந்தலில் எல்லோருக்கும் கிச்சுடி போடுவார்கள், நம் பொங்கல் மாதிரிதான். போன வருஷம் அவரை முதல் பந்தியில், காக்குவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டுப் பரிமாறினார்கள். இந்த வருஷம் முதல் பந்தியில் அவரைக் காணோம். தேடினேன். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, கிச்சுடி வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்தார். பின்னாலிருந்து இன்ஜினியரிங் பெண், "தாதா, சீக்கிரம், அந்தப் பக்கம் இன்னும் போகலை!" என்று கத்தினாள். தாதா என்றால் இங்கே அண்ணன். ஜாமாய் என்று அவரை யாரும் கூப்பிடவில்லை.

என் இலைக்கு வந்ததும் ஒரு கரண்டி போட்டார்.

"நீங்க சாப்பிட்டீங்களா?" என்றேன்.

"நாங்கள்லாம் கடைசிப் பந்தி" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.